இருவாச்சிக் கூட்டைப் பயணத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பறவைப் படச் சுற்றுலா நடத்தும் அமைப்பாளர்களுக்கும், வழிகாட்டிகளுக்கும், தங்குமிடம் வைத்திருப்போருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பொங்கல் நெருங்கும்போதே வாட்சப் குழுக்களில் பயண அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஆனைமலை, வால்பாறை, நெல்லியாம்பதி என்று இடங்கள் மாறினாலும் ஒரு வரி மட்டும் மாறுவதில்லை: ‘இருவாச்சி கூட்டில் இரை ஊட்டும் காட்சி உறுதி.’ அந்த வரியை நீக்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பயணங்களை நிறுத்தச் சொல்லவில்லை. காட்டைப் பார்த்தவர்கள்தான் காட்டுக்காகப் பேசுகிறார்கள். அவர்களைக் காட்டுக்கு அழைத்து வருவது நீங்கள். ஆனால் கூட்டை விற்பனைப் பொருளாக வைப்பது மட்டும் இந்தப் பறவைக்குத் தாங்காது. ஏன் தாங்காது என்பதை விவரமாகச் சொல்கிறோம்.

பெரிய இருவாச்சியின் இனப்பெருக்கக் காலம் ஏறத்தாழ ஜனவரியில் தொடங்கி மே வரை நீள்கிறது. வயதான பெருமரத்தின் பொந்துக்குள் பெண்பறவை நுழைந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டை. அடைகாப்பு மட்டும் 38 முதல் 40 நாள். குஞ்சு ஓரளவு வளரும்வரை தாய் வெளியே வருவதில்லை. அடைபட்டிருக்கும் அந்த நாட்களில்தான் பழைய இறகுகளை உதிர்த்துப் புது இறகு வளர்க்கிறது. ஆக, தாய்க்கும் குஞ்சுக்கும் வேண்டிய அத்தனை உணவும் ஒரே ஒரு ஆண்பறவையின் தொண்டை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இந்தக் காலம் அப்படியே நம் விடுமுறைக் காலம். பொங்கலில் தொடங்கி, முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை வரை, மலைக்கு மக்கள் ஏறும் மாதங்களும் இருவாச்சி அடைபட்டிருக்கும் மாதங்களும் ஒன்றுதான். தீங்கின் வேர் அந்தப் பொருத்தத்தில் இருக்கிறது.

கூட்டு மரத்தடியில் எட்டுப் பேர் நின்றால் என்ன நடக்கிறது? ஆண்பறவை தொண்டை நிறைய அத்திப் பழங்களோடு வரும். நேராக வாசலுக்குப் போகாது. அருகில் ஒரு மரத்தில் அமர்ந்து சுற்றும் பார்க்கும்; பிறகு வாசலருகே தொற்றிக்கொண்டு, பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி எடுத்துக் கீறலுக்குள் நீட்டும். கீழே அசைவு தெரிந்தால் அந்த முதல் மரத்திலேயே நின்றுவிடும். கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும், கிளை மாறும், குரல் கொடுக்கும், கடைசியில் பழத்தோடு திரும்பிவிடும். சில நேரம் சுமந்து வந்ததைத் தானே விழுங்கிவிடும். இரு வருகைகளுக்கு இடையே மணிக்கணக்கில் இடைவெளி விழுவதுண்டு என்பதால், ஒரு வருகை தவறினால் உள்ளே இருக்கும் இரு உயிர்களுக்கும் ஒரு வேளை தவறியது போல. காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்று முறை வைத்து அழைத்து வரும்போது நாள் முழுவதும் அந்த மரத்தடியில் யாரோ நிற்கிறார்கள். படம் எடுத்தவர்களுக்கு இது தெரிவதில்லை. அவர்கள் பார்த்தது வந்து ஊட்டிய இரண்டு தடவையை. வராமல் போன மூன்று தடவையைக் கேமரா பதிவு செய்வதில்லை.

‘பறவை கூட்டைவிட்டுப் போகவில்லையே, அதற்கு ஒன்றும் தொந்தரவில்லை’ என்று வழிகாட்டிகள் சிலர் சொல்லக் கேட்கிறோம். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். வாசல் பூசி அடைத்து, இறகு உதிர்த்து, முட்டையின்மேல் அமர்ந்திருக்கும் பறவை எங்கே போகும்? அது அங்கேயே இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போகக்கூடிய நிலையில் இருக்கும்போது அது போகவும் செய்கிறது: வாசல் பூசத் தொடங்கும் முதல் நாட்களில் தொல்லை நேர்ந்தால் பொந்தையே கைவிட்டுவிடலாம். அந்த ஆண்டு அதோடு முடிந்தது.

இன்னொரு வாதம், ‘எஸ்டேட் பறவைகள் மனிதருக்குப் பழகிவிட்டன’ என்பது. இதில் பாதி உண்மை உண்டு. தேயிலை பறிப்பவர்கள் தினமும் அதே வழியில், அதே நேரத்தில், பேசிக்கொண்டே கடந்து போகிறார்கள். மேலே பார்ப்பதில்லை, நிற்பதில்லை. அந்த நடமாட்டத்துக்குப் பறவை பழகுகிறது. ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நின்று, வாசலைக் குறிபார்த்து, நீண்ட கறுப்புக் குழல்களை உயர்த்தும் கூட்டம் வேறு வகை. பழக்கம் என்பது அந்த அந்த நடத்தைக்குத்தான், மனிதர் என்ற இனத்துக்கு இல்லை.

படம் தெளிவாக வரவேண்டும் என்று குறுக்கே நிற்கும் கிளையை வெட்டுவது எல்லாவற்றிலும் கொடிது. வெட்டப்படும் கிளை பெரும்பாலும் ஆண்பறவை அமர்ந்து நோட்டம் பார்க்கும் கிளையாகவே இருக்கிறது. அதற்கு அதுதான் திண்ணை. திண்ணை போனால், கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் நின்று யோசிக்க இடமில்லை. மரத்தடியில் செடிகொடிகளை மிதித்துத் தடம் போட்டுவிட்டால், அந்தத் தடமே அடுத்து வருகிற எவருக்கும் கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எதிர்காலத்தையும் நினைத்துப் பாருங்கள். நல்ல பொந்து அமைந்த மரத்தை இருவாச்சி ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அலகால் மரத்தைக் குடைய அதற்கு வராது. கிளை முறிந்து உளுத்த இடத்திலோ வேறு வழியிலோ இயல்பாக உருவான பொந்துதான் வேண்டும். 100 செ.மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு பறவை நுழைந்து உட்காரும் பொந்து எத்தனை மரத்தில் இருக்கும்? அப்படி ஒரு மரத்தின் இடம் ஒருமுறை வெளியே கசிந்தால், அந்த ஒரு சீசனோடு போகாது. ஒரு கூட்டிலிருந்து பெரும்பாலும் ஒரே குஞ்சுதான் வெளியேறும். அதன் அலகுக்கு மேலே இருக்கும் தலைக்கொம்பு முழுதாக வளரவே ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒரு குஞ்சு என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. 2018 முதல் பெரிய இருவாச்சியும், 2020 முதல் நம் மலைக்கே உரிய மலபார் சாம்பல் இருவாச்சியும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் கணக்கிடும் உலகச் செம்பட்டியலில் ‘அழிவாய்ப்பு’ நிலையில் வைக்கப்பட்டிருப்பதன் பின்னணியும் இதுதான்: வளர்ந்த பெருமரங்கள் குறைகின்றன, பறவை வேகமாகப் பெருகி ஈடுகட்ட முடிவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(16)இல் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் பொருளில், காட்டுப் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அடங்கும். பெரிய இருவாச்சி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்குச் சிறை 3 முதல் 7 ஆண்டு, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். எஸ்டேட் தனியார் நிலம், அங்கே வனத்துறைச் சட்டம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பாதுகாப்பு பறவைக்கு, அது நிற்கும் மரம் யாருடைய நிலத்தில் இருந்தாலும் சரி. சரணாலயத்துக்குள் என்றால் நுழைய அனுமதி, படம் எடுக்க அனுமதி, குப்பை போடவும் விலங்கைச் சீண்டவும் தடை என்று 27, 28ஆம் பிரிவுகள் தனியாக இருக்கின்றன. வழிகாட்டியின் பெயர்தான் முதலில் வழக்கில் ஏறும். வாடிக்கையாளர் ஊருக்குப் போயிருப்பார்.

கூடு இல்லாமல் இருவாச்சியைக் காட்ட முடியுமா? முடியும். கூட்டைவிட நன்றாகவே காட்டலாம். பழுத்த அத்தி இன மரத்தைத் தேடுங்கள். ஆல், அத்தி, இச்சி வகை மரங்கள் ஒரே மலையில் எல்லாம் ஒன்றாகப் பழுப்பதில்லை. ஒன்று ஓயும்போது இன்னொன்று தொடங்கும். அத்திப் பூவுக்குள் வாழும் சிறு குளவிகளுக்கு இடைவிடாமல் மரம் கிடைத்தால்தான் அவை பிழைக்கும், மரத்துக்கும் மகரந்தச் சேர்க்கை நடக்கும். அதனால் மரத்துக்கு மரம் காலம் மாறுகிறது. ஆண்டில் எந்த மாதமானாலும் பக்கத்து மலையில் ஏதோ ஒரு மரம் பழுத்திருக்கும் என்று நம்பலாம். கருங்குங்கிலியம் பழுத்த மரத்துக்கும் இருவாச்சி வரும்.

பழுத்த மரத்தைக் கண்டுபிடிக்கக் காதுதான் முதல் கருவி. காலையில் குக்குறுவான்களின் ஓயாத குரல் ஒரே மரத்திலிருந்து வந்தால், புறாக்களும் மைனாக்களும் ஒரே உச்சிக்குப் போய் வந்துகொண்டிருந்தால், அடியில் கடித்துப் போட்ட பழமும் எச்சமும் கிடந்தால், மரம் கிடைத்துவிட்டது. முந்தின நாள் மாலையே இதை உறுதி செய்து வையுங்கள். பழம் பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான் தாங்கும். போன வாரம் பார்த்த மரத்தை நம்பி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் ஏமாற்றம்.

நிற்கும் இடம் முக்கியம். மரத்தடியில் நிற்காதீர்கள்: அடியிலிருந்து பார்த்தால் வயிறும் வெள்ளை வானமும்தான் தெரியும், பறவைக்கும் நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். சரிவின் மேல்பக்கம் ஏறி, மர உச்சி கண்மட்டத்துக்கு வரும் இடத்தைப் பிடியுங்கள். 40, 50 மீட்டர் தள்ளி, புதரையோ பாறையையோ முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது. பறவை வந்தபின் நீங்கள் வருவதும், பறவைக்கு முன் நீங்கள் அங்கே இருப்பதும் அதற்கு ஒன்றில்லை. ஆறரை மணியிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம், பிறகு மூன்றரைக்கு மேல். நடுப்பகலில் குழுவை அங்கே வைத்திருப்பது வீண்.

வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போன்ற அந்தச் சிறகொலி, இறக்கையின் அடிப்புறத்தில் பறப்பதற்கான இறகுகளின் வேரை மூடும் சிற்றிறகுகள் இல்லாததால் காற்று ஊடே புகுந்து எழுவது. அந்த ஒலி கேட்டதும் கேமராவை உயர்த்திவிட வேண்டும். பறவை கண்ணுக்குத் தெரிந்தபின் உயர்த்தினால் அசைவு அதற்குத் தெரிந்துவிடும். கறுப்புப் பறவை, வெளிறிய வானம்: வெளிச்ச அளவீட்டைக் கேமராவிடமே விட்டால் பறவை நிழலுருவாகிவிடும். 1 முதல் 1½ ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள். பறக்கும்போது 1/1600 நொடி, அமர்ந்திருந்தால் 1/320 போதும். ஃபிளாஷ் வேண்டாம். 400 மி.மீ. லென்ஸே பழ மரத்துக்குப் போதும். பழத்தை அலகு நுனியில் பிடித்து மேலே வீசித் தொண்டைக்குள் வாங்கும் அந்தக் கணம், கூட்டு வாசலில் தொற்றி நிற்கும் படத்தைவிட நூறு மடங்கு உயிருள்ள படம். அதை எடுத்தவர்கள் திரும்பவும் வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை இங்கேயே. கண்ணின் நிறம் பாருங்கள்: சிவப்பென்றால் ஆண், வெளிறிய வெள்ளை என்றால் பெண். பிப்ரவரி, மார்ச்சில் சிவப்புக் கண் பறவை தனியாக வந்து, தொண்டை புடைக்கப் பழம் நிரப்பிக்கொண்டு, திரும்பத் திரும்ப ஒரே திசையில் பறந்தால், அந்தத் திசையில் கூடு இருக்கிறது. வழிகாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கூடுகள் கண்டுபிடிக்கப்படுவதே இப்படித்தான். அந்தத் திசையில் போகாதீர்கள், வாடிக்கையாளரிடம் சொல்லவும் வேண்டாம்.

காலத்தை மாற்றிப் பார்க்கவும் கேட்டுக்கொள்கிறோம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மலை பசுமையாக இருக்கிறது. வலசை வந்த ஆறுமணிக்குருவி கீழ்க்காடுகளிலும், காஷ்மீர் ஈப்பிடிப்பான் நீலகிரியிலும் கிடைக்கும். இருவாச்சி இணைகள் அடைபடாமல் வெளியே சுற்றும். கூடு என்ற ஆசையே எழாத மாதங்கள் அவை. மழையும் அட்டையும் இருக்கும்தான். அட்டைக்கு நெருக்கமாக நெய்த நீள் காலுறை, அதற்குமேல் கால்சட்டையைச் செருகாமல் காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டுவது. ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல் மெல்லிய முனையை நகத்தால் வழித்துத் தள்ளுவது. அவ்வளவு போதும்.

இருவாச்சியோடு இன்னும் இரண்டு பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை.

இரவில் இரை தேடும் தவளைவாயன் பகலில் ஒரே கிளையில், சருகு போல, இணையாக அமர்ந்து உறங்கும். ஒளிவதுதான் அதன் ஒரே பாதுகாப்பு. தெளிவான படத்துக்காக முன்னால் இருக்கும் இலையை ஒதுக்குவது, கொடியை நூலால் கட்டி இழுப்பது எல்லாம் அந்த ஒளிவிடத்தையே அழிப்பது. கூடு என்றால் இன்னும் மோசம்: பாசியால் ஆன சிறு மெத்தையில் ஒரே முட்டை, பகலில் ஆண் அடைகாக்கிறது. அது எழுந்து பறந்தால் முட்டை வெட்டவெளியில். இலைகளுக்கு ஊடே தெரிகிற படத்தையே நல்ல படமாகக் காட்டப் பழகுங்கள். பறவையைச் சுட்டிக்காட்ட லேசர் விளக்கை அதன்மேல் பாய்ச்சாதீர்கள். அந்தப் பச்சைப் புள்ளி கண்ணில் பட்டால் கேடு. கிளைக்கு இரண்டு மீட்டர் கீழே, அடிமரத்தில் காட்டி, ‘அங்கிருந்து மேலே, இடப்பக்க மூன்றாவது கிளை’ என்று வாயால் சொன்னால் போதும்.

அடுத்தது சோலைக்கிளி. பெயரில்தான் கிளி; உண்மையில் ஒரு சிறு பாடும் பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறு இனம். சோலைக்காட்டின் தரையோடு வாழும் இவை உலகில் வேறெங்கும் இல்லை. புல்வெளி நடுவே தீவு தீவாகக் கிடக்கும் சோலைகளில், எல்லை பிடித்து இணையாக வாழ்கின்றன. பதிவு செய்த குரலைப் போட்டால் ஆண்பறவை வந்தே தீரும். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டது என்று இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். பெரிய காட்டில் பத்து இணைக்குப் பங்காகும் இந்தத் தொல்லை, சாலையோரச் சின்னச் சோலையில் ஒரே இணையின் தலையில் விழுகிறது. சனி ஞாயிறு தோறும், குழு குழுவாக. குரல் போட்டு அழைப்பதைச் சோலைப் பறவைகளுக்கு அறவே விட்டுவிடுங்கள். நீலகிரிச் சிரிப்பானுக்கும் அதே. சோலை விளிம்பில், நீரோடை தரையில் சலசலக்கும் இடத்தில் விடியற்காலை இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் சோலைக்கிளி தானாக வரும். செயலியில் குரலைக் கேட்டு இனம் காண வேண்டுமென்றால் காதொலிப்பான் போட்டுக்கொள்ளலாம்.

வால்பாறை போகிறவர்கள் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறார்கள். வழியில் வரையாட்டுக்கும், புதுத்தோட்டத்தில் சோலைமந்திக்கும் வண்டி நிறுத்தாதவர் இல்லை. தின்பண்டம் நீட்டாதீர்கள். சாலையில் உணவு கிடைக்கும் என்று பழகிய மந்தி சாலையில்தான் சாகிறது.

தற்செயலாக ஒரு கூட்டைக் கடக்க நேர்ந்தால்: நிற்காதீர்கள், கை நீட்டாதீர்கள், நடையின் வேகத்தை மாற்றாமல் கடந்துவிடுங்கள். படம் எடுத்துவிட்டவர் இருந்தால், மழைக்காலம் வரை வெளியிட வேண்டாம் என்று கேளுங்கள்; கைபேசிப் படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்தே போகும் என்பதால் அதை நீக்கச் சொல்லுங்கள். தலைப்பில் மாவட்டப் பெயருக்கு மேல் எதுவும் வேண்டாம். பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் ஈபேர்டு இணையதளத்தில் பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் வசதி உண்டு. கூட்டைப் பற்றிய செய்தி வனச்சரக அலுவலகத்துக்குப் போகட்டும், குழுவுக்குப் போக வேண்டாம். கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் சமூகத்தினர் வனத்துறையோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்து வருகிறார்கள். கூட்டருகே போகத் தகுதியும் பொறுமையும் உள்ளவர்கள் அவர்கள். உங்கள் பயணக் கட்டணத்தில் ஒரு பங்கு அப்படிப்பட்ட உள்ளூர்க் காவலர்களுக்குப் போவதாக இருந்தால், அதை அறிவிப்பில் பெருமையோடு எழுதுங்கள்.

வாடிக்கையாளர்கள் கூடு கேட்கிறார்கள், நாங்கள் மறுத்தால் அடுத்தவரிடம் போவார்கள் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் தனித்தனியாக இல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம். முன்பதிவு செய்யும்போதே அனுப்ப ஒரு செய்தியை இங்கே தருகிறோம். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

‘இந்தப் பயணத்தில் எந்தப் பறவையின் கூட்டுக்கும் போகமாட்டோம். குரல் போட்டுப் பறவைகளை அழைக்கமாட்டோம். ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை. இருவாச்சியைப் பழுத்த மரத்தில் பார்ப்போம். அது வருவதும் வராததும் பறவையின் விருப்பம். மங்கிய பச்சை, பழுப்பு உடைகள் கொண்டுவாருங்கள்; வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற மழைக்கோட்டு வேண்டாம்.’

இந்தத் தை மாதப் பயண அறிவிப்புகள் அச்சாவதற்கு முன், பழைய அறிவிப்பில் ‘கூடு’ என்ற சொல் எங்கெங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்து எடுத்துவிடுங்கள். பழைய கூட்டுப் படங்கள் முகப்பில் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். படம் இருக்கும்வரை கேட்பவர்களும் இருப்பார்கள்.

அன்புடன்,
மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை நோக்கர்கள் சிலர்